ஓய்வும் ஊதியமும்

ஊதியம் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் இலாபம். திருக்குறளில் அச்சொல் வரும் இடங்களை எடுத்து நோக்குக; முதலிலிருந்து பிறக்கும் ஆக்கம், உயிர்க்குக் கிடைக்கும் பயன் என்றே பொருள் விரியும். மாதச் சம்பளத்துக்கு ஊதியம் என்று பெயரிட்டது பிற்கால வழக்கு. ஓய்வூதியம் அதற்கும் பிந்தியது. ஓய்வும் ஊதியமும் ஒரு தொடரில் கூடி நிற்பதைப் பழம்புலவர் ஒருவர் காண நேர்ந்தால், ஓய்ந்திருப்பவனுக்கு இலாபம் எவ்வாறு வரும் என்று வியந்துபோவார். அவர்க்கு வியப்பு, நமக்கோ நாளாந்தக் கணக்கு.

கடந்த மாசி மாதத்தில் எனக்கு 55 வயது நிறைந்தது. அரசாங்க சேவையிலுள்ளோர் கட்டாயமாக இளைப்பாறும் வயது 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 65 ஆக உயர்த்தப்பட்டுப் பின்னர் 2023 தை முதல் 60 ஆகக் குறைக்கப்பட்டதை ஆசிரிய உலகம் அறியும். ஆயினும் 55 நிறைந்தவர் தம் விருப்பின்பேரில் இளைப்பாற இடமுண்டு. நெடுங்காலமாக எழுதக் கருதிவரும் உரையொன்று என் மேசையில் ஏட்டுக்கட்டாகக் கிடக்கின்றது. அதற்கு அருகிலேயே இளைப்பாறும் விண்ணப்பப் படிவமும் கிடக்கின்றது. இரண்டுக்கும் நடுவே என் துணைவியார் ஒரு கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"உரை எழுதலாம், எழுதுங்கோ. ஆனா மேசைக்கு மேலே சுழலுற காத்தாடிக்கு ஆர் காசு கட்டுறது? அதையும் ஒருக்கா எழுதிப் பாருங்கோ" என்றார்.

எழுதிப் பார்த்தேன். அந்தக் கணக்கின் விரிவே இக்கட்டுரை. எமது கல்லூரியின் ஆசிரியர் அறையில், புணர்ச்சி விதி பற்றி வழக்காடிய நாற்காலிகளில் இருந்துகொண்டு இன்று மின்பட்டியல் பற்றி வழக்காடுகின்றோம். என்னைப்போல ஐம்பதைக் கடந்த ஆசிரியர்கள் பலர் இதே படிவத்தைப் பெட்டியினுள் வைத்திருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். அவர்களுக்குப் பயன்படுமாயின் நன்று.

திருகோணமலையில் வாழ்பவனுக்கு எரிபொருள் பற்றிப் பேச ஒரு தனி உரிமை உண்டு. சீனன்குடாக் காட்டினுள் ஆங்கிலேயர் தம் கடற்படைக்கென அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் 99 உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றையும் விட்டுவைக்கவில்லை. 2003இல் அவை லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்தின் கைக்குச் சென்றன. 2022 தை மாதத்து உடன்படிக்கைப்படி 14 தாங்கிகள் அந்நிறுவனத்துக்கு. 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. எஞ்சிய 61 இருவரும் சேர்ந்து அமைத்த கூட்டுக் கம்பனிக்கு. உடன்படிக்கை ஒப்பமிட்ட மை உலர்ந்து ஆறு மாதம் ஆகுமுன்னர், அதே ஆண்டு ஆனி மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவர்க்கும் எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்தது. நாட்டின் மிகப் பெரிய எண்ணெய்க் களஞ்சியத்தைப் பெற்ற ஊரார் வெறுங் கலனைக் கையிலேந்தி வரிசையில் நின்றோம். கடலுக்குள் இருந்துகொண்டு நீர்வேட்கையால் வருந்துபவன் நிலைதான் எங்கள் நிலை.

அந்த ஆண்டை நினைவில் வையாமல் இளைப்பாறுவோர் எவரும் கணக்குப் போடலாகாது. பங்குனி 31ஆம் நாள் தொடக்கம் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2021 புரட்டாதியில் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ சமையல் வாயு 2022 வைகாசியில் 4,860 ரூபா. ஆவணி மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா ஆயிற்று. மண்ணெண்ணெய் என்றால் நகரத்தார்க்கு விளக்கும் அடுப்பும் நினைவுக்கு வரும். சல்லி, நிலாவெளிக் கரைகளில் அது படகின் உயிர். அவ்விலை ஏறியபோது மீனின் விலையும் உடன் ஏறிற்று. ஆகவே வீட்டின் எரிபொருட் செலவு மின்பட்டியலோடு முடிவதில்லை. அது குழம்புச் சட்டிக்குள்ளும் இருக்கின்றது.

எங்கள் வீட்டில் அவ்வாண்டு மூன்று கல் அடுப்பு மீண்டும் முற்றத்துக்கு வந்தது. பொச்சுமட்டை, பாளை, கொக்காரை என்று பெயர் மறந்திருந்த பொருள்கள் எல்லாம் மீண்டும் பெறுமதி பெற்றன. என் பிள்ளைகள் அச்சொற்களை அப்பொழுதுதான் கற்றார்கள். தமிழாசிரியன் என்ற முறையில் அதற்கு நான் மகிழ்ந்தேன் என்று சொன்னால், புகையில் கண் சிவந்தவர் என்னை மன்னிக்க மாட்டார்.

இனி மின்பட்டியலுக்கு வருவோம். இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் படித்தவர்களிற் பலரும் பட்டியலின் அடியிலுள்ள தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகின்றார்களேயன்றி, அத்தொகை எவ்வாறு பிறந்தது என்று பார்ப்பதில்லை. யாப்பிலக்கணத்தில் அசைபிரிப்பதைக் காட்டிலும் இது கடினமன்று.

வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்தது. 30 நாளைக்கு 60 அலகு என்பது அதில் ஒரு வரம்பு. அவ்வரம்புக்குள் நின்றால் முதல் 30 அலகுக்கு ஒரு விலை, அடுத்த 30 அலகுக்குச் சற்றுக் கூடிய விலை. வரம்பை ஓர் அலகு தாண்டினாலோ, அந்த ஓர் அலகுக்கு மட்டும் விலை கூடும் என்று எண்ணற்க. முதலாவது அலகு தொடக்கம் அனைத்துக்கும் வேறு விலை. நிலையான கட்டணமும் அடுத்த படிக்கு ஏறிவிடும். குற்றியலுகரம் ஒன்று கெட்டதற்காகச் செய்யுள் முழுவதையும் கிழித்தெறியும் ஆசிரியனைப் போன்றது இம்முறை.

2014 தொடக்கம் 2022 ஆவணி வரை இருந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 60 அலகு பாவித்தவர் செலுத்தியது 280 ரூபா 50 சதம். 61 அலகு பாவித்தவர் செலுத்தியது 571 ரூபா. ஓரலகில் இரட்டிப்பு! தொகை சிறிதாயிருந்தமையால் அப்பொழுது எவரும் பொருட்படுத்தவில்லை. 2022 ஆவணியில் ஒருமுறையும் 2023 மாசியில் மறுமுறையும் கட்டணம் உயர்த்தப்பட்டது. மாசிக் கட்டணப்படி 60 அலகுக்கு 2,560 ரூபா. 61 அலகுக்கு 3,212 ரூபா. 90 அலகு பாவிக்கும் நடுத்தரக் குடும்பம் முன்பு செலுத்திய 861 ரூபா, 4,430 ரூபாவாக வளர்ந்தது. 91ஆவது அலகில் இன்னொரு வரம்பு. அங்கே ஓர் அலகின் விலை 900 ரூபா. நிலையான கட்டணம் 650இலிருந்து 1,500 ஆகத் தாவியமையே அதற்குக் காரணம்.

அதன் பின்னர் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பலமுறை கட்டணத்தைத் திருத்திவிட்டது. 2024இல் பங்குனியிலும் ஆடியிலும் குறைத்தது. 2025 தையில் சராசரி 20 வீதம் குறைத்தது. அதே ஆண்டு ஆனியில் 15 வீதம் கூட்டியது. ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் இதனை நம்பி எவரும் ஐந்தாண்டுக் கணக்கு எழுத முடியாது. ஆனால் எண்கள் மாறினவேயன்றி, 60 என்னும் வரம்பு நம் வாசலை விட்டுப் போகவில்லை.

இங்கே ஒரு நுட்பம். மின்மானி வாசிப்பவர் முப்பதாம் நாளே வருவார் என்பதில்லை. 33 நாள் கழித்து வந்தால் வரம்பும் அந்நாட்களுக்கேற்ப விரியும். 27இல் வந்தால் சுருங்கும். ஆகவே நாளொன்றுக்கு 2 அலகு என்று மனத்திற் கொண்டால் போதும். இந்த 2 அலகுதான் எங்கள் வீட்டில் இப்பொழுது சட்டம்.

இரண்டலகு எங்கே போகின்றது? ஆசிரியர் அறையில் எல்லோரும் மின்குமிழைக் குற்றஞ் சாட்டுகிறார்கள். அது நிரபராதி. எல்.ஈ.டி. குமிழ்கள் வந்தபின் விளக்கின் செலவு மிகச் சிறிது. குளிர்சாதனப் பெட்டி ஒரு பெருந்தீனிக்காரன். ஆனால் அதனை நிறுத்தி வைக்க இயலாது. எங்கள் ஊரில் மற்றைய குற்றவாளி காத்தாடியே. வைகாசி தொடக்கம் கச்சான் காற்று நிலத்தின் வெப்பத்தையெல்லாம் வாரிக்கொண்டு துறைமுகத்துக்கு வருகின்ற மாதங்களில், இரவில் அது சுழலாவிட்டால் உறக்கம் இல்லை. பழைய கூரைக் காத்தாடி 75 வாற்று அளவில் எடுக்கும். நாளுக்கு 12 மணித்தியாலம் சுழன்றால் மாதம் 27 அலகு. இப்பொழுது வரும் புதுவகைக் காத்தாடி 30 வாற்றில் அதே காற்றைத் தருகின்றது. மாதம் 11 அலகு. மிச்சம் 16.

இப்பதினாறின் பெறுமதியைப் பாருங்கள். மாதம் 70 அலகு பாவிக்கும் வீடு 54க்கு இறங்குகின்றது. வரம்பைத் தாண்டியவன் மீண்டும் உள்ளே வந்துவிட்டான். 2023 மாசிக் கட்டணப்படி 3,590 ரூபா 2,338 ரூபாவாகக் குறையும். மாதம் 1,252, ஆண்டுக்கு 15,024 ரூபா. காத்தாடியின் விலை 12,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், இட்ட முதல் பத்து மாதத்தில் மீண்டுவிடும். இத்தகைய ஊதியம் தரும் வங்கி எங்கே உண்டு? கட்டணம் குறைந்த காலத்தில் மீட்சி இரண்டு மூன்று ஆண்டாக நீளலாம். நீண்டாலும் இது நல்ல முதலீடே. மேலும், வங்கி வட்டிக்கு வரி பிடிப்பார்கள். செலவழியாத மின்சாரத்துக்கு வரி பிடிக்க எவரும் இன்னும் வழி காணவில்லை.

சூரியனை வீட்டுக்கூரைக்கு அழைத்துவரும் திட்டம் பற்றி என்னிடம் கேட்காத சக ஆசிரியர் இல்லை. 2016 புரட்டாதியில் அரசு இதனைப் பெரிதாகத் தொடங்கியது. கூரையிற் பிறந்த மின்சாரத்தில் நாம் பாவித்தது போக எஞ்சியதை மின்சார சபை வாங்கும். ஒப்பந்தம் 20 ஆண்டு. முதல் ஏழாண்டு அலகுக்கு 22 ரூபா, அதன்பின் 15 ரூபா 50 சதம். இந்த ஏழாண்டு என்னும் சொல்லைப் பலர் கவனியாமல் விட்டார்கள். மாதம் 240 அலகு விற்றவருக்கு 5,280 ரூபா வந்தது. 2017இல் இணைந்தவர்க்கு 2024இல் அது 3,720 ஆகக் குறைந்தது. பின்னர் வந்த ஒப்பந்தங்களுக்கு விலை வேறு. அதுவும் அடிக்கடி மாறியது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், நாட்டில் மின்தேவை குறைவு என்று கூறி, பகலில் கூரைச் சூரியகலங்களை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே வேண்டிக்கொண்டது. விளைந்த நெல்லை வாங்க ஆளில்லாமல் களத்திலே காத்திருக்கும் தம்பலகாமத்து உழவர்க்கு இது புதிய அனுபவமாக இராது.

சூரியகலம் தீது என்று நான் சொல்லவில்லை. மாதம் 180 அலகுக்கு மேற் பாவிக்கும் வீட்டுக்கு அது வரப்பிரசாதம். ஏனெனில் அது மிச்சம் பிடிப்பது உச்சப் படியிலுள்ள விலையுயர்ந்த அலகுகளை. எங்களைப்போல 60ஐச் சுற்றி நிற்கும் வீட்டுக்கோ மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை. விற்பனையை நம்பியே முதல் மீள வேண்டும். போதாததற்கு, மார்கழி தையில் வாடை மழை இங்கே சூரியனை மறைத்துவிடும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். என் வீட்டுக் கூரையில் இரண்டு தென்னைகளின் நிழல். அந்தத் தென்னைகளைத் தறிக்கச் சொன்ன விற்பனையாளருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

சம்பூரில் நிகழ்ந்ததையும் இவ்விடத்தில் நினைக்கின்றேன். 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்த மக்களின் நிலத்தில் நிலக்கரி மின்நிலையம் வரும் என்று பத்தாண்டுகள் பேசினார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 சித்திரை 5ஆம் நாள், கொழும்பில் இருந்தபடியே, 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையப் பணியை இந்தியப் பிரதமர் தொடக்கிவைத்தார். கரி போய்க் கதிர் வந்தது. கரியை எதிர்த்து நின்றவர்களுக்கு அதில் பங்குண்டு.

செலவை இவ்வளவு சொன்னேன். முதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளைப்பாறும் ஆசிரியன் வாழ்நாளில் ஒருமுறை மட்டும் காணும் பெருந்தொகை பணிக்கொடை. 24 மாத ஓய்வூதியத்துக்குச் சமமான பணம் கைக்கு வரும். அதற்கு ஈடாகப் பத்தாண்டுக்கு மாத ஓய்வூதியம் குறைத்து வழங்கப்படும். எனவே அதனை வெகுமதி என்று கருதுவோர் ஏமாறுவர். அது நம் ஓய்வூதியத்திலிருந்தே நாம் முற்பணமாகப் பெறுவது. அது கிடைத்த செய்தி ஊருக்குள் பரவுவது தந்தியினும் விரைவு. மைத்துனர் வருவார், காணித் தரகர் வருவார், கூடிய வட்டி தரும் கம்பனியின் முகவரும் வருவார்.

கூடிய வட்டியைப் பற்றி நாடு கற்ற பாடங்கள் பழையன அல்ல. 2008 மார்கழியில் கோல்டன் கீ சரிந்தது. 2020இல் த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தது. ஆக்கத்தைக் கருதி முதலை இழக்கும் தொழிலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்ற கருத்தைத் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் ஆண்டுதோறும் கற்பிக்கின்ற நாம், அதனைப் பரீட்சைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாகாது. வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைக்குமே பொறுப்பேற்கின்றது. அதற்கு மேற்பட்ட தொகையை வேறொரு வங்கியில் வைத்தல் தகும்.

ஆனால் பத்திரமான வங்கியும் முழுமையான அரண் அன்று. 2022 புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம். அதற்கு ஓராண்டு முன்னர் ஒருவர் 10 இலட்சத்தை 7 வீத வட்டிக்கு வைத்திருந்தார் எனக் கொள்க. ஆண்டு முடிவில் கையில் 10 இலட்சத்து 70 ஆயிரம். முன்பு 10 இலட்சத்துக்கு வாங்கிய பொருளை வாங்க 16 இலட்சத்து 98 ஆயிரம் வேண்டும். ஒரு சதமும் திருடு போகவில்லை. ஆயினும் முதலில் மூன்றிலொரு பங்குக்கு மேல் காணாமற் போய்விட்டது. அவ்வாண்டின் இறுதியில் திறைசேரி உண்டியல்கள் 30 வீதத்துக்கு மேல் வட்டி தந்தன. அப்பொழுது வாங்கியவர்கள், 2023 ஆடியில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது நல்ல ஊதியம் கண்டார்கள். காலம் அறிந்தவர் அவர். தமிழ்ப் பாடவேளை மணியை அறிந்த நான் அக்காலத்தை அறிவேன் என்று துணிந்து சொல்ல மாட்டேன்.

வரியைப் பற்றி ஒரு சொல். வைப்பு வட்டியில் 2023 தை முதல் 5 வீதமும், 2025 சித்திரை முதல் 10 வீதமும் பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவர் வங்கியில் அதற்கான பிரகடனத்தை ஒப்படைத்தால் அவ்வரி பிடிக்கப்படாது. இளைப்பாறிய ஆசிரியருட் பெரும்பாலார் இவ்வரம்புக்குள் வருவர். ஆனால் படிவத்தைக் கொடாமையால் இழப்பவர் பலர். சங்கங்கள் இதனை எடுத்துச் சொன்னால் நன்று. பொன்னாடை போர்த்துவதிலும் இது பயனுடையது.

எல்லாம் எழுதி முடிந்தபின் கொப்பியைத் துணைவியாரிடம் கொடுத்தேன். அவர் மூன்று கேள்வி கேட்டார். இளைய மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கு இன்னும் எத்தனை ஆண்டு? இரண்டு. விலைவாசி மறுபடியும் ஏறினால் ஓய்வூதியம் தானாக ஏறுமா? ஏறாது, அரசு மனம் வைத்தால் ஏறும். உங்களுக்குப் பிறகு எனக்கு? விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் உண்டு. ஆனால் வங்கிக் கணக்கு இன்றுவரை என் பெயரில் மட்டும். மூன்றாவது விடையின்பின் அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வங்கிக்குச் சென்று கணக்கை இருவர் பெயரிலும் மாற்றினோம்.

முடிவு இவ்வாறு அமைந்தது. படிவத்தை 57 வயதில், மகள் பட்டம் பெற்றபின் ஒப்படைப்பது. அதுவரை உரைக்கு விடியற்காலை இரண்டு மணித்தியாலம். காத்தாடி தேவையற்ற வேளை அது. பணிக்கொடையில் 11 இலட்சத்துக்கு மேற்படாத தொகையாக இரு அரச வங்கிகளில் நிலையான வைப்பு. ஒரு பகுதி குறுங்காலத் திறைசேரி உண்டியலில், வட்டி மாறும்போது நாமும் மாற வசதியாக. கூரைக்கு ஓடு மாற்றுவோம். சூரியகலத்தை அப்பொழுது நிலவும் விலையைப் பார்த்து யோசிப்போம். முற்றத்து அடுப்பை இடிப்பதில்லை. நகையை விற்பதில்லை என்பது துணைவியாரின் தனிப் பிரேரணை, விவாதமின்றி நிறைவேறியது. வெந்நீருக்கு மின்கருவி வாங்கலாமா என்று மகள் கேட்டாள். கன்னியாவில் ஏழு கிணறு இருக்கின்றது, அங்கே எவரும் மின்மானி பொருத்தவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் காலையில் மின்மானியின் எண்ணைத் துணைவியார் குறித்து வருகின்றார். வாசிப்பவர் கடைசியாக வந்துபோன பின் இன்று 19ஆம் நாள், 37 அலகு.